அப்பா சாவைப் பற்றிப் பேசினால் வாயை அடைக்காதீர்கள்

இதயத்தின் பம்பு செய்யும் திறன் 20 சதவீதம்தான் என்று தெரிந்ததிலிருந்து அப்பா வங்கிக் கணக்கு, நகை, ஈமச்சடங்கு என்றே பேசுகிறார், மனம் உடைந்துவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அம்மாவுக்கும் இதயச் செயலிழப்புதான். "அபசகுனமாகப் பேசாதே" என்று நாங்கள் அடக்கினோம். அவர் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ப் பேசினார். இன்றும் உறுத்துகிறது.

இந்த நோய் பெரும்பாலும் ஒரே சீராகச் சரிவதில்லை. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரி, தேறி வீடு, மறுபடியும் திணறல். ஒவ்வொரு முறையும் மீண்டு வருவதால் நாம் நம்பிக்கொண்டே இருப்போம். நோயாளி உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். பலருக்குச் சாவைவிட மூச்சுமுட்டலும் பிறருக்குப் பாரமாவதும்தான் பயம். "எதற்குப் பயப்படுகிறீர்கள் அப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். மூச்சுமுட்டலைத் தணிக்க வழிகள் உண்டு.

அப்பாவின் மார்பில் ஐ.சி.டி. கருவி, அதாவது இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடம்புரண்டால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி, இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி நாட்களில் அது கொடுக்கும் மின்னதிர்ச்சியை மட்டும் அறுவை சிகிச்சையின்றி நிறுத்திவைக்கலாம். அதை நிறுத்துவதால் இதயம் நின்றுவிடாது. அப்பா தெளிவாக இருக்கும்போதே மருத்துவரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

சாப்பாட்டை ஒதுக்கினாலோ மாத்திரையை நிறுத்தினாலோ அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நகைப் பட்டியலை மட்டும் இன்றே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.