தேர்வு இல்லாத பிளஸ் டூவும் திண்ணை வகுப்பும்

ஜூலை 2021

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த உங்கள் மகளைப் பற்றி நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். “மார்க் என்னாகுமோன்னு நாங்க தவிக்கிறோம். இவ என்னடான்னா தெருப் பிள்ளைங்களக் கூட்டி வச்சு சொல்லிக் கொடுத்துட்டு இருக்கா. ராத்திரியானா பேச்சே இல்ல, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிறா” என்று சொன்னீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். முதலில் மார்க்கை முடித்துவிடுவோம், இல்லையென்றால் மற்றது உங்கள் காதில் ஏறாது.

கொரோனாவால் ஜூன் 5 அன்று பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானது. அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு அறிவித்த கணக்கு இது. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30. உங்கள் மகள் பத்தாவதில் எடுத்தவற்றில் மேலே இருப்பவை 92, 88, 84 என்று சொன்னீர்கள். சராசரி 88, அதில் பாதி 44. பிளஸ் ஒன் இயற்பியலில் எழுத்துத் தேர்வில் 70-க்கு 49, அது 20-க்கு 14 ஆகும். இந்த வருடம் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30-க்கு 28 வந்தால் இயற்பியலில் 86. நீங்கள் பயந்த அளவுக்கு ஒன்றும் மோசமில்லை, பார்த்தீர்களா? மற்ற பாடங்களையும் இதே மாதிரி ஒரு தாளில் அவளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ஜூலை 31-க்குள் முடிவு வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வரும் மார்க் போதாது என்று அவள் நினைத்தால், நோய் அடங்கியதும் தேர்வு எழுதிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த ராத்திரி மௌனம். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்த வருடப் பிளஸ் டூ பிள்ளைகள் பட்டதை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பிளஸ் ஒன் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஊரடங்கு வந்து கடைசித் தேர்வு நின்றுபோனது. பிளஸ் டூ பாதிக்கு மேல் போனில் ஓடியது. 2021 ஜனவரி 19-இல்தான் பள்ளி திறந்தார்கள். மூன்று மாதம் வகுப்பு, ஏப்ரலில் செய்முறைத் தேர்வு, அதோடு இரண்டாவது அலை. தேர்வு வேண்டாம் என்று அழுத பிள்ளைகளும் என்னிடம் பேசினார்கள், ரத்தானதும் அதைவிட அதிகமாக அழுத பிள்ளைகளும் பேசினார்கள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்ததற்கு எழுதிக் காட்ட ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை என்ற ஆற்றாமை அது. உங்கள் மகளுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். “எல்லாம் நல்லதுக்குத்தான், ஆல் பாஸ்தானே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் அந்த வயதுக்கு அது, நீ படித்தது கணக்கில்லை என்று கேட்கும். “உனக்கு வருத்தமா இருக்கும்னு எனக்குத் தெரியுது” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், போதும். ஆனால் சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டுப்போய், உயிரே வேண்டாம் என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே அரசின் 104 உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள்.

இப்போது திண்ணை வகுப்புக்கு வருகிறேன். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள் அம்மா, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

போன வாரம் அவள் என்னோடு பேசியபோது ஐந்து நிமிடம் சோர்ந்த குரலில் பேசினாள். அவளிடம் திண்ணையில் படிக்க வரும் மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. அவன் ஒன்றாம் வகுப்பு முடிக்கும்போது பள்ளி மூடியது, இரண்டாம் வகுப்பு எப்படி இருக்கும் என்றே தெரியாமல் மூன்றுக்கு வந்துவிட்டான். கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்குப் பிடிபடவில்லை. இவள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலில் கட்டி, 32-இல் 17 போக வேண்டும் என்று ஒரு கட்டை அவனையே அவிழ்க்கச் சொல்லியிருக்கிறாள். இரண்டு குச்சி பன்னிரண்டு ஆனதும் அவன் சிரித்தானாம். அதைச் சொல்லும்போது இவளும் சிரித்தாள். ஒரு வருடமாக இவள் செய்த எதற்கும் விளைவு கண்ணில் படவில்லை. அந்தக் கட்டு அவிழ்ந்ததில் உடனே பட்டுவிட்டது. நான் எத்தனை ஆறுதல் சொன்னாலும் அதற்கு ஈடாகாது.

ஆனால் வரம்பு வேண்டும், அதை நீங்கள்தான் போட வேண்டும். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். திண்ணையில் இடைவெளி விட்டு, முகக்கவசத்தோடு உட்காரட்டும். சளி, காய்ச்சல் இருக்கும் பிள்ளை அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். தடுப்பூசி 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான் என்பதால் அவளுக்கு இன்னும் கிடையாது. நீங்களும் அவள் அப்பாவும் போட்டுக்கொண்டால்தான் வீட்டுக்குப் பாதுகாப்பு, இதைத் தள்ளிப்போடாதீர்கள். என்ன நடத்துவது என்று அவள் திணறினால், கல்வித் தொலைக்காட்சியில் வகுப்புவாரியாகப் பாடம் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு விளக்கினாலே போதும்.

எதிர் வீட்டில் அப்பாவைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்த இரண்டு பிள்ளைகள் இருப்பதாகச் சொன்னீர்கள். பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளின் குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் தருவதாக அரசு அறிவித்திருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கச் சிரமம் என்றால், இறப்புச் சான்றிதழ் முதல் என்னென்ன தாள் வேண்டும் என்று பட்டியல் போட்டு, மனுவை நிரப்பித் தர உங்கள் மகளால் முடியும். கூட நீங்கள் போங்கள், துக்க வீட்டுக்கு அவளைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

அப்படியே அவளுக்கும் சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வையுங்கள். கல்லூரி விண்ணப்பம் தொடங்கியதும் எல்லோரும் ஒரே நாளில் ஓடுவார்கள். உடன் படித்த மூன்று பெண்களிடம் போன் இல்லை என்று அவள் சொன்னாள். அவர்களையும் சேர்த்துக் கூட்டிப் போனால் ஒரே அலைச்சலில் முடியும்.

“டீச்சர் ஆகட்டுமா?” என்றும் கேட்டிருந்தாள். ஐந்து பிள்ளைகளோடு ஒரு மாதம் நன்றாக ஓடியதை வைத்து வாழ்க்கையை முடிவு செய்ய வேண்டாம், ஆனால் ஒதுக்கவும் வேண்டாம். மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனத்தில் பி.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்பு உண்டு, தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வெளியூர் வேண்டாம் என்றால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு பி.எட். சேரலாம். இரண்டையும் அவளிடம் சொல்லுங்கள், முடிவை அவளே யோசிக்கட்டும்.

ரிசல்ட் வரும் அன்று காலையிலேயே எனக்குப் போன் செய்யுங்கள். முதலில் அவளிடம் கொடுங்கள், அந்தப் பையன் இப்போது குச்சி இல்லாமல் கழிக்கிறானா என்று கேட்க வேண்டும்.