கேளுங்க சொல்றேன்: கூரை வரைக்கும் வந்த பணம்

போர் முடிந்த நாடுகளைச் சீரமைக்க உலக நாடுகள் கோடி கோடியாக அறிவிக்கின்றனவே, அது சாதாரண மனிதர் கைக்குப் போய்ச் சேருகிறதா?
– வாசகர், ஈசூன்

மாநாட்டு மேடையில் சொல்லும் தொகையை நான் கணக்கில் வைப்பதே இல்லை. 2003 ஜூனில் தோக்கியோவில் கூடி, இலங்கைக்கு 450 கோடி அமெரிக்க டாலர் என்றார்கள். சமாதானப் பேச்சு முன்னேற வேண்டும் என்பது நிபந்தனை. பேச்சு படுத்துவிட்டது, சண்டை திரும்பிவிட்டது.

சேர்ந்த பணமும் உண்டு. 2009இல் போர் ஓய்ந்த பிறகு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளை ஒப்பந்தக்காரரிடம் விடவில்லை. வீட்டுக்காரர் வங்கிக் கணக்கிலேயே ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், கட்டங் கட்டமாக. அத்திவாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தவணை, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. கிளிநொச்சிப் பக்கம் என் கணவர்வழி உறவுப் பெண் ஒருத்தி, போரில் புருஷனை இழந்தவள், அப்படித்தான் கட்டினாள். மணல் லோடு இறங்கும்போது கூடவே நின்று, கையில் அள்ளிப் பிசைந்து பார்ப்பாள். சீமெந்து பில்லெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில். எந்த மேற்பார்வையாளர் இவ்வளவு பார்ப்பார்?

ஆனால் மணல் விலையும் மேசன் கூலியும் ஏறிக்கொண்டே போயின. "கூரை போட்டாச்சு அக்கா, பூச்சு வேலைக்குத்தான் நகை அடைவில கிடக்கு" என்றாள். அவளைப் போல் கடன்பட்டவர்கள் நிறைய. விலைவாசி ஏறினால் தவணையும் ஏறும் என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ரெனோவேஷன் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கும் முந்தியது கண்ணிவெடி அகற்றும் வேலை. இலங்கையின் வடக்கே முகமாலையில் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டியவர்களில் வடக்குப் பெண்கள் ஏராளம். சம்பளம் வெளிநாட்டு நன்கொடையில். ரிப்பன் வெட்ட வழியில்லாத வேலை, அதனால்தானோ என்னவோ செய்தியில் அதிகம் அடிபடுவதில்லை.

சிங்கப்பூர் இதிலெல்லாம் ஏதாவது செய்திருக்கிறதா?
– வாசகி, செங்காங்

ஏன் இல்லாமல்? கிழக்குத் திமோரில் ஐநா அமைதிப் படைக்கு 2002இல் தளபதியானவரே நம்மவர், மேஜர் ஜெனரல் டான் ஹக் கிம். 2007இல் ஆப்கானிஸ்தானின் பாமியானுக்குப் போன நம் ராணுவக் குழு அங்கே பல் மருத்துவக் கூடம் அமைக்க உதவியது. அப்புறம், திமோர் அதிகாரிகளுக்குப் பல ஆண்டுகளாக இங்கே பயிற்சி. அந்த நாடு 2025இல் ஆசியானில் சேர்ந்தும்விட்டது.

எங்கள் புளோக்கில் பணம் திரட்டி அனுப்பலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

அனுப்பலாம். ஆனால் வெளிநாட்டு உதவிக்குப் பொதுமக்களிடம் கையேந்த அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். உண்டியல் தூக்கும் முன் அதை முடியுங்கள். பழைய துணி மூட்டை மட்டும் வேண்டாம்; கப்பல் செலவுக்கு அங்கேயே புதுசு வாங்கலாம்.