கை எப்படிப் பழகுகிறது? உடலசைவுப் பயிற்சி: கேள்வி பதில்

கேள்வி: ‘தசை நினைவு’ என்கிறார்களே, நினைவு உண்மையிலேயே தசையிலா பதிகிறது?

பதில்: தசையில் இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தாளில் கையெழுத்துப் போடுங்கள். பிறகு அதையே கரும்பலகையில் ஒரு முழ நீளத்துக்குப் பெரிதாகப் போடுங்கள். தாளில் எழுதியது விரலும் மணிக்கட்டும். பலகையில் எழுதியது தோளும் முழங்கையும். ஆனாலும் சுழி, சாய்வு, கடைசி இழுப்பு எல்லாம் உங்களுடையதாகவே இருக்கும். தசைகள் மாறியும் எழுத்தின் சாயல் மாறவில்லை என்றால் பதிவு மூளையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அதுவும் சம்பவங்களை நினைவில் வைக்கும் இடத்தில் அல்ல. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்புக்காக அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இரு பக்கமும் அந்த இடமான ஹிப்போகாம்பஸின் கணிசமான பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர், கையை நேரே பார்க்காமல் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபடியே நட்சத்திரம் ஒன்றை வரையச் சொன்னார். மூன்று நாட்களில் தவறுகள் நன்றாகக் குறைந்தன. முன்பு வரைந்தது மட்டும் அவருக்கு நினைவில்லை. இந்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. அறிவது ஒரு வழி, கை பழகுவது இன்னொரு வழி. விளக்கம் கேட்டுப் புரிந்துகொண்டது தானாகக் கைக்கு வராததற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: இதில் சிறுமூளையின் வேலை என்ன?

பதில்: முன்கூட்டியே கணிப்பது. நிறைந்திருக்கிறது என்று நினைத்துக் காலிப் பெட்டியைத் தூக்கினால் கை விசுக்கென்று மேலே போகிறது அல்லவா? எடையை மூளை முன்பே கணித்து, அதற்கேற்ற விசையை அனுப்பிவிட்டது. அப்படி அனுப்பித்தான் ஆக வேண்டும். கண் பார்த்து, அதை வைத்துக் கையைத் திருத்தக் குறைந்தது 100 மில்லிசெகண்டுக்கு மேல் பிடிக்கும். வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கு அதற்குள் அடுத்த எழுத்தே விழுந்துவிடும்.

கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் பாடம். காட்சியைப் பக்கவாட்டில் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பந்தெறிந்தால் முதலில் குறி தவறும். சில டஜன் எறிதல்களில் சரியாகிவிடும். கழற்றியதும் எதிர்ப்பக்கம் தவறும். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் திருத்தம் நடப்பதில்லை. மூளையின் கொள்ளளவில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் ஏறத்தாழ 8600 கோடி நரம்பு செல்களில் 6900 கோடி அதற்குள் இருக்கின்றன.

கேள்வி: கீபோர்டு பழகுகிறேன். ராத்திரி ஒரு பகுதியை இருபது முறை வாசித்துச் சரியாக வந்துவிடுகிறது. காலையில் உட்கார்ந்தால் தடுமாறுகிறது. எங்கே தப்பு?

பதில்: அளவுகோலில்தான் தப்பு. இருபதாவது முறை நன்றாக வந்தது அந்த நேரத்துச் சூடு. கற்றது எவ்வளவு என்பதை மறுநாள் கை சூடேறுமுன் வாசிக்கும் முதல் தடவைதான் காட்டும். அதை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்.

ஒன்றையே திரும்பத் திரும்ப வாசிக்கும்போது, இரண்டாவது தடவையிலிருந்து மூளை அசைவைப் புதிதாகத் திட்டமிடுவதில்லை; சற்றுமுன் செய்ததையே ஓட்டுகிறது. ஷேயும் மார்கனும் 1979இல் செய்த சோதனையில், மூன்று கை அசைவுகளை ஒவ்வொன்றாக முடித்தவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். கலந்து பழகியவர்கள் பின்னால் வைத்த தேர்வில் முந்தினார்கள்.

ஆகவே மூன்று பகுதிகளை எடுத்து, ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் என மாற்றி மாற்றி வாசியுங்கள். தவறுகள் கூடும், பயப்பட வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு: விரல் வரிசையே இன்னும் தெரியாத பகுதியை முதலில் தனியாக, மெதுவாகப் பழகிவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

எங்கே தடுக்குகிறது என்றும் பாருங்கள். மூளை சுரங்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்க்கும். தடுமாற்றம் பெரும்பாலும் இரண்டு கொத்துகள் சேரும் மூட்டில் வரும். மூட்டுக்கு முன்னால் இரண்டு சுரம், பின்னால் இரண்டு சுரம், இந்த நான்கை மட்டும் எடுத்து வாசியுங்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினால், ஏற்கெனவே வருவதைத்தான் அதிகம் பழகியிருப்பீர்கள்.

கேள்வி: தினம் ஒரு மணி நேரமா, வாரக் கடைசியில் ஒரேயடியாக ஐந்து மணி நேரமா?

பதில்: தினம். பேட்லியும் லாங்மேனும் பிரிட்டிஷ் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பழக்கிய ஆய்வு (1978) இதற்கு நல்ல சான்று. தினம் ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு, தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களைவிட மொத்த மணி நேரம் குறைவாகவே தேவைப்பட்டது. நாள்கணக்கு மட்டும் நீண்டது. ஆனால் தங்கள் பயிற்சி முறை மேல் அதிருப்தி கூடுதலாக இருந்ததும் இந்த ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான்! ‘மெதுவாகப் போகிறதே’ என்ற எண்ணத்தை நம்பி முறையை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: பேட்மிண்டன் சர்வீஸ் பழக்குகிறேன். ‘மணிக்கட்டைத் திருப்பு, முழங்கையை உயர்த்து’ என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்கிறேன். பையன் இன்னும் விறைத்துப் போகிறான், சார்.

பதில்: இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். முதலில், கவனத்தை உடலிலிருந்து வெளியே கொண்டுபோங்கள். மணிக்கட்டுக்குப் பதில் ‘இறகுப்பந்து வலையை ஒட்டிப் போகட்டும்’ என்று சொல்லுங்கள். எதிர்த் தளத்தில் ஒரு துண்டை விரித்து அதில் விழச் செய்யுங்கள். எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும் என்பதை மூளை விளைவை வைத்தே ஒழுங்குபடுத்தும்.

அடுத்தது, ஒவ்வொரு அடிக்கும் திருத்தம் சொல்வதை நிறுத்துங்கள். உடனுக்குடன் சொன்னால் அப்போதைக்கு அடி சரியாகும். ஆனால் அவன் தன் கை உணர்வை விட்டுவிட்டு உங்கள் குரலையே எதிர்பார்ப்பான். ஐந்து அடி முடியட்டும். ‘எங்கே பிசகியது?’ என்று முதலில் அவனைச் சொல்லவிட்டு, பிறகு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள்.

விறைப்புக்காகத் திட்டாதீர்கள். கணிப்பு உறுதியாகாத நிலையில் மூட்டின் இரு பக்கத் தசைகளையும் மூளை சேர்த்து இறுக்கி வைக்கும். பழகப் பழக அது தளர்ந்துவிடும்.

கேள்வி: பல வருடம் தவறான விரல் முறையில் கிட்டார் வாசித்துவிட்டேன். பழையதை அழிக்க முடியுமா?

பதில்: அழியாது. புதியது அதன் பக்கத்தில் பதியும்; அவசரத்திலும் களைப்பிலும் பழையது தலைதூக்கும். அதனால் பழையதைத் தூண்டும் சூழலைத் தவிருங்கள். நன்றாகப் பழகிய பாடல்களைச் சில வாரங்கள் தொடாமல், புதிய பாடலில் புதிய விரல் முறையைத் தொடங்குங்கள். தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியைப் பழைய வேகத்தில் பாதிக்கு வைத்து, தொடர்ந்து ஐந்து முறை பிசகாமல் வந்தால் மட்டும் நான்கு நான்கு துடிப்பாக ஏற்றுங்கள். பழைய முறை எட்டிப் பார்த்த அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வலியே இல்லாமல், வாத்தியத்தைத் தொட்டால் மட்டும் ஒரு விரல் தானாக மடங்கிக்கொண்டால் அது தவறான பழக்கமாக இல்லாமல் போகலாம். ஃபோகல் டிஸ்டோனியா என்ற இந்தக் கோளாறு தொழில்முறை இசைக்கலைஞர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு வருவதாக மதிப்பிடுகிறார்கள். பயிற்சியைக் கூட்டினால் மோசமாகலாம். வாசிப்பதை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது விரல் மடங்குவதைப் படம்பிடித்து எடுத்துப்போங்கள், வாத்தியம் இல்லாத இடத்தில் அது தெரியாமலே போகலாம்.