போனில் 'சார்' என்கிறார்கள்!

கேள்வி: திருச்சியில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். அக்கா பிள்ளைகளுக்கு ஷின்சான் மாதிரி பேசிக் காட்டுவேன். டப்பிங் கலைஞராக ஆசை. ஆனால் என் குரல் கட்டை. பெண்ணான என்னைப் போனில் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார் அப்பா. சென்னைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: 'சார்' கவலையை முதலில் விடுங்கள். கார்ட்டூன் பையன்கள் பலருக்குப் பெண்கள்தான் பேசுகிறார்கள். நிஜப் பையனைப் பேசவைத்தால் சில வருஷத்தில் குரல் உடைந்துவிடும், தொடரோ ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் ஷின்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மூலத்தில் 1992 முதல் 2018 வரை அவனுக்குப் பேசியவர் அகிகோ யாஜிமா என்ற பெண். 'டிராகன் பால்' கோகுவுக்கு 1986இல் பேசத் தொடங்கிய மசாகோ நொசாவா, எண்பது வயதைத் தாண்டியும் அதே கோகுவாகக் கத்திக்கொண்டிருந்தார். கட்டைக் குரலுக்கும் இங்கே இடம் உண்டு.

ஆனால் பேசிக் காட்டுவது வேறு, டப்பிங் வேறு. வீட்டில் நீங்கள் பேசுவது இன்னொருவர் ஏற்கெனவே பேசி வைத்ததை. டப்பிங் தியேட்டரில் காதில் மூலமொழி ஓடும், எதிரே வசனத் தாள், திரையில் ஒரு வாய். அது திறக்கும்போது தொடங்கி, மூடும்போது முடிக்க வேண்டும். வாய் 'ஆ' என்று திறந்திருக்கும் இடத்தில் வசனத்தில் உதடு மூடும் 'ப', 'ம' வந்தால் பொருந்தாது. அந்தச் சொல்லையே மாற்ற வேண்டிவரும். உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகச் செய்யுள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களுக்கு அது தினப்படிப் பிழைப்பு. (ஹாலிவுட் அனிமேஷனில் பெரும்பாலும் முதலில் குரல், பிறகுதான் படம். நடிகர் பேசியதற்கு ஏற்ப வாயை அசைப்பார்கள். கொடுத்துவைத்தவர்கள்! நமக்கு வருவதில் பெரும்பாலானவை முடித்து அனுப்பிய வாய்கள்.)

அப்புறம், குரல் இனிமை பெரிய விஷயமே இல்லை. நடிக்கத் தெரிய வேண்டும். 'பம்பாய்' (1995) படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குப் பேசிய ரோகிணி, தானே தேர்ந்த நடிகை. மூச்சிரைப்பு, விக்கல், கீழே விழும் 'அம்மா', எல்லாமே மைக் முன்னால் ஆடாமல் நின்றபடி வர வேண்டும். தினமும் பத்து நிமிஷம், முன்பே படித்துப் பார்க்காத பக்கம் ஒன்றை வாய்விட்டுப் படியுங்கள். 'ழ', 'ள' இரண்டும் தனித்தனியாகக் கேட்கட்டும். கத்திப் பேசிய பிறகு குரல் கரகரத்து இரண்டு வாரமாகியும் சரியாகவில்லையென்றால், கஷாயத்தை நம்பாமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

அப்பா கேட்பது நியாயமான கேள்விதான். இதில் மாதச் சம்பளம் கிடையாது. பெரிய படங்களின் முக்கியக் குரல்கள் நட்சத்திரங்களுக்குப் போய்விடுகின்றன. 'ஃப்ரோஸன் 2' (2019) தமிழில் எல்ஸாவுக்குப் பேசியது ஸ்ருதி ஹாசன். சென்னை சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களில் முதல் வருஷம் முழுக்க நான் பேசியது கல்யாண வீட்டுக் கூட்டமும் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலும்தான். அதற்கான பணத்துக்கு குரலுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு கோஆர்டினேட்டரிடம் எட்டு மாதம் நடந்தேன். அப்போது சோறு போட்டது காலையில் பார்த்த டைப்பிஸ்ட் வேலை. அதனால் பி.காமை முடித்துவிட்டு, சென்னையில் கணக்கு வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

வந்ததும் டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் உறுப்பினராவது பற்றி விசாரியுங்கள். சினிமாவில் பேச அந்த அட்டையைக் கேட்பார்கள். வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் போகவே போகாதீர்கள். கையெழுத்துப் போடும் தாளில் உங்கள் குரலைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க அனுமதி கேட்கும் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த விஷயத்துக்காகத்தான் அமெரிக்காவில் வீடியோ கேம் குரல் கலைஞர்கள் 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள்.

மாதிரிப் பதிவு ஒரு நிமிஷம் போதும். அதில் முதலில் உங்கள் சொந்தக் குரல் வரட்டும், அந்த 'சார்' குரல். ஷின்சான் வேண்டாம், அவனுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.