வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வாசனை திரும்புமா?

கேள்வி: காய்ச்சல் வந்து எட்டு மாதமாகிறது. பிச்சிப்பூவை மூக்கருகில் வைத்தாலும் மணம் தெரிவதில்லை. இனித் திரும்புமா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: திரும்ப வாய்ப்பு இருக்கிறது அம்மா. மூக்கின் உட்கூரையில் உள்ள முகர்வு நரம்பணுக்கள், உடலின் மற்ற நரம்பணுக்கள் பலவற்றைப் போலன்றி, வாழ்நாள் முழுவதும் புதிதாக உருவாகக் கூடியவை. கொரோனா வைரஸும் பெரும்பாலும் அவற்றைவிட அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களையே தாக்குகிறது. ஓராண்டுக்கு மேலான பிறகு மீண்டவர்களும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் முழுமையாகத் திரும்பும் என்று வாக்களிப்பது நேர்மையாகாது.

இன்றுள்ள சிகிச்சைகளில் நான் முதலில் பரிந்துரைப்பது முகர்வுப் பயிற்சியைத்தான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மெல் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை வீதம் 12 வாரங்கள் முகர்ந்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. நம் பக்கத்தில் இதற்குப் பெரிய செலவில்லை: பன்னீர் ரோஜா, புளியங்குடி எலுமிச்சையின் தோல், நசுக்கிய கிராம்பு, பஞ்சில் ஒரு துளி தைலம் போதும். ஒவ்வொன்றையும் பத்து இருபது விநாடி மெல்ல முகர்ந்து, அதன் பழைய மணத்தை மனத்தில் வரவழைக்க முயலுங்கள். ஒன்றும் தெரியாத நாள்களிலும் செய்ய வேண்டும். பலர் நான்காம் வாரத்திலேயே சோர்ந்து விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம். மூன்று மாதத்திற்குப் பின் மணங்களை மாற்றித் தொடரலாம்.

இதற்கு முன் ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மூக்கினுள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, இரத்தக் கசிவு, தலையில் அடிபட்ட வரலாறு இருந்தால் தாமதிக்கவே கூடாது.

கேள்வி: வெங்காயம் வதக்கினால் சாக்கடை நாற்றம் அடிக்கிறது. சொதியைக்கூட வாயில் வைக்க முடியவில்லை. (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: இது மணத்திரிபு. மீண்டு வரும் நரம்புகள் இன்னும் சீராக இணையாததால் நேர்வதாகக் கருதப்படுகிறது. முன்பு எதுவுமே தெரியாமல் இருந்து இப்போது இப்படித் தெரிந்தால், அதைப் பெரும்பாலும் நல்ல அறிகுறியாகவே கொள்ளலாம். வெங்காயம், பூண்டு, காபி, முட்டை, வறுத்த இறைச்சி ஆகியவையே அதிகம் தொல்லை தருபவை. சொதியில் உங்களை வருத்துவது பூண்டாக இருக்கக்கூடும். தயிர்ச்சோறு, தேங்காய்ப்பாலுடன் இடியாப்பம் போன்றவற்றை ஆறவைத்துச் சாப்பிடுங்கள். எடை குறைந்துகொண்டே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு மாத்திரையோ மூக்குச் சொட்டோ எடுக்கலாமா? (வாசகர், கடையநல்லூர்)

பதில்: மாத்திரையை நீங்களாக வாங்கி உண்ண வேண்டாம், பல மாதங்கள் கடந்த இழப்பில் அதன் பயன் உறுதியில்லை, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுவது உண்டு. துத்தநாகம் சேர்ந்த சில மூக்கு மருந்துகளால் முகர்வே போகலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்திருக்கிறது. உப்புநீரால் மூக்கைக் கழுவுவதானால், கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: வாசனை தெரியாத என் அம்மா வள்ளியூரில் தனியாக இருக்கிறார். எதில் கவனம் தேவை?

பதில்: முதலில் எரிவாயு. கசிவை உணர்த்தச் சேர்க்கப்படும் நாற்றம் அவருக்கு எட்டாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிவு எச்சரிக்கைக் கருவியைத் தரையருகே பொருத்துங்கள். இரவில் ரெகுலேட்டரை மூடச் சொல்லுங்கள். மீந்த குழம்பை முகர்ந்து பார்க்க இயலாது என்பதால், சமைத்த நாளைப் பாத்திரத்தில் எழுதி ஒட்டுவது நல்லது. கருவி ஒலித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து, 1906 எண்ணை அழைக்கச் சொல்லிவையுங்கள்.