சிங்கப்பூரில் வீடு: விலை போக எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

சிங்கப்பூரில் வீடு வாங்க மொத்தம் எவ்வளவு ஆகும் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இரண்டு முறை வாங்கி ஒரு முறை விற்றவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். விலை என்ன என்று எல்லாருமே கேட்கிறீர்கள். எந்தத் தேதிக்கு எவ்வளவு ரொக்கம் கையில் இருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேள்வி: நான் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கிறேன். வாடகைக்குப் போகிற பணத்தில் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கிவிடலாமே என்கிறார் மனைவி. 1.2 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலர்) ஒன்று பார்த்திருக்கிறோம். சரிப்பட்டு வருமா அண்ணே?

வராது தம்பி. 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. உங்களுக்கு அது மட்டுமே 720,000. எல்லாரும் கட்டுகிற முத்திரை வரி 32,600 தனி. வங்கி 75 விழுக்காடு கடன் கொடுத்தாலும் மீதி 300,000 உங்களுடையது. ஆக 1,052,600 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு, 900,000 கடனும் வாங்க வேண்டும். வரிக்கு வங்கி கடன் தராது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் அதைக் கட்டியாக வேண்டும். பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) கிடைக்கும்வரை வாடகை வீட்டில் நிம்மதியாக இருங்கள். உங்களில் யாராவது அமெரிக்கக் குடியுரிமை வைத்திருந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள். வர்த்தக ஒப்பந்தத்தின்படி அவர்களுக்குச் சிங்கப்பூரர் கணக்குதான்.

கேள்வி: நானும் கணவரும் பிஆர் ஆகி நாலு வருடம் ஆகிறது. உட்லண்ட்ஸில் 600,000க்கு ஒரு மறுவிற்பனை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பிடித்திருக்கிறது. கால் பங்கு, 150,000 இருந்தால் போதும் என்கிறார் ஏஜென்ட்.

ஏஜென்ட் சொன்னது பாதிக் கணக்கு. இருவரும் பிஆர் ஆகி மூன்று வருடம் தாண்டிவிட்டதால் வாங்கத் தடையில்லை. ஆனால் குடிமக்களுக்குக் கிடைக்கும் மானியமும் கிடையாது, வீவக கடனும் கிடையாது. வங்கிதான்.

முதல் பள்ளம் மதிப்பீடு. விலையைப் பேசி, ஆப்ஷன் (வீட்டை நமக்காக நிறுத்திவைக்கிற ஒப்பந்தம்) கட்டணம் கொடுத்த பிறகுதான் வீட்டின் மதிப்பைக் கழகத்திடம் கேட்கவே முடியும். அது 585,000 என்று வந்தால்? வங்கி 585,000க்குத்தான் 75 விழுக்காடு தரும், அதாவது 438,750. இடையில் தொங்குகிற 15,000த்தைச் சிஓவி என்பார்கள். அதற்கு மத்திய சேம நிதியை (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற சிபிஎஃப்) தொட முடியாது, முழுக்க ரொக்கம். மதிப்பில் 5 விழுக்காடு, 29,250, அதுவும் ரொக்கம் (ஆப்ஷனுக்காகக் கொடுத்த தொகை இதில் கழியும்). அடுத்த 117,000த்தைச் சேம நிதியிலிருந்து எடுக்கலாம்.

இனி வரி. 600,000க்கு முத்திரை வரி 12,600. பிஆருக்கு முதல் வீட்டுக்கே கூடுதல் வரி 5 விழுக்காடு, 30,000. இதற்கும் சேம நிதி உதவும். ஏஜென்டுக்கு 1 விழுக்காடும் அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் என்றால் 6,540. வக்கீலுக்கு ஒரு 2,500 வைத்துக்கொள்ளுங்கள், இதையும் சேம நிதியிலிருந்து எடுக்கலாம். மதிப்பீட்டுக்கு 120, விண்ணப்பத்துக்கு 80.

கூட்டினால் ஏறக்குறைய 213,000. அதில் ரொக்கமாகவே வேண்டியது 51,000. ஏஜென்ட் சொன்ன 150,000 எங்கே, இது எங்கே! அப்புறம், மாதத் தவணை உங்கள் இருவரின் சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 9,000 வருமானம் என்றால் 2,700தான் உச்சம். ஆப்ஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வங்கியில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. அதனால் இங்கே இரண்டாவது வீடு என்று வரி போடுவார்களா?

மாட்டார்கள். கூடுதல் முத்திரை வரிக்குச் சிங்கப்பூரில் உள்ள வீடுகளை மட்டும்தான் எண்ணுவார்கள். ஆனால் வேறு சிக்கல் இருக்கிறது. பிஆர் வீவக வீடு வாங்கினால், வெளிநாட்டில் உள்ள வீட்டையும் ஆறு மாதத்துக்குள் விற்றாக வேண்டும். அவசரத்தில் விற்றால் என்ன விலை போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பணத்தை இங்கே போடுவதால் இந்தியாவில் மூலதன ஆதாய வரி விலக்குக் கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். கிடைக்காது. புது வீடு இந்தியாவுக்குள் இருந்தால்தான் விலக்கு. நீங்கள் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) என்பதால், வாங்குகிறவர் வழக்கமான 1 விழுக்காடு பிடித்தால் போதாது, பெரிய தொகையாகவே டிடிஎஸ் (விற்கிற பணத்தில் முன்கூட்டியே கழிக்கிற வரி) பிடிப்பார். குறைந்த டிடிஎஸ் சான்றிதழுக்கு முன்னதாகவே விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் இங்கே பணம் தேவைப்படும் மாதத்தில் அது வருமான வரித்துறையிடம் இருக்கும்.

கேள்வி: மதுரையிலிருந்து அப்பா 40 லட்சம் ரூபாய் அனுப்புகிறேன் என்கிறார். முழுசாக வந்து சேருமா?

வரும். ஆனால் அப்பா 46 லட்சம் வைத்திருக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை டிசிஎஸ் (வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி வசூலிக்கிற முன்வரி) இல்லை. மீதி 30 லட்சத்துக்கு 20 விழுக்காடு, 6 லட்சத்தை வங்கி பிடிக்கும். வரி தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். ஆளுக்கு ஆண்டுக்கு 250,000 அமெரிக்க டாலர் என்ற உச்சவரம்பு உங்களுக்குப் பிரச்சினையில்லை.

கேள்வி: என் மனைவி சிங்கப்பூரர், நான் வெளிநாட்டவன். 60 விழுக்காடு எங்களுக்கும் உண்டா?

இருவர் பெயரிலும் வாங்கி, இருவருக்கும் இங்கே வேறு வீடு இல்லை என்றால் விலக்குக் கேட்கலாம். வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய வீடுதான், வெள்ளையடித்துக் குடி போகலாம் என்று இருக்கிறோம். ரெனோவேஷனுக்கு என்று தனியாக வைக்க வேண்டுமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். சாவி வாங்கிய மூன்றாவது வாரம் கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி வந்து கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால், அவர் குளியலறைக் கூரையில் தோசைக்கல் அகலத்துக்கு ஈரம், நடுவில் பெயின்ட் கொப்பளித்து நிற்கிறது. மேலே எங்கள் குளியலறைத் தரையைப் பெயர்த்து, நீர்க்காப்புப் பூசி, புது டைல்ஸ் போட வேண்டியதாயிற்று. பத்து நாள் நண்பர் வீட்டில் குளித்தோம். ரெனோவேஷனுக்குச் சேம நிதியிலிருந்து ஒரு வெள்ளிகூட எடுக்க முடியாது. ஆப்ஷன் கொடுப்பதற்கு முன் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காட்டச் சொன்னால் அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.