பன்னிரண்டடி ஹோலுக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில், கடற்கரைக்கு அருகில் வசிக்கிறேன். ஹோல் 14 அடி நீளம், 12 அடி அகலம், தரை டைல்ஸ். கொழும்பில் இரண்டு சோடி ஸ்பீக்கர் பார்த்தேன். ஒன்று தரையில் நிற்கும் உயரமான சோடி, 90 டெசிபெல். மற்றையது ஸ்டாண்டில் வைக்கும் சிறிய சோடி, 86 டெசிபெல். உயரமானதன் விலை இரண்டரை மடங்கு. என்னிடம் 50 வாட் அம்பிளிபயர் இருக்கிறது. கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் ஹோலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. உயரமான சோடி தரங்குறைந்தது என்பதல்ல காரணம். அதற்காக நீங்கள் செலவிடும் மேலதிகப் பணத்தின் பெரும்பகுதி அடித்தொனிக்கே, அதாவது மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கே, போகிறது, அந்த அடித்தொனியைத்தான் உங்கள் அறை கெடுக்கப்போகிறது. நமது வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் செல்லும். எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளியைப் போல் இரு மடங்கு அலைநீளமுள்ள தொனி அவற்றுக்கிடையே தேங்கி முழங்கும் என்பதால், உங்கள் ஹோலில் 41 ஹேர்ட்ஸிலும் 48 ஹேர்ட்ஸிலும் முழக்கம் எழும். பெரிய வூபர்கள் (ஸ்பீக்கரில் அடித்தொனி தரும் பகுதிகள்) அந்த இடத்தில்தான் தாராளமாக வேலை செய்யும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தால் ஓரளவு தணியும். ஆனால் பன்னிரண்டடி அகலத்தில் அதற்குப் பிறகு வீட்டார் எங்கே நடப்பது?

டெசிபெல் கணக்கில், அதாவது ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பதில், உயரமான சோடிக்கு நியாயம் உண்டு. 4 டெசிபெல் வித்தியாசம் என்றால் சிறியது 50 வாட்டில் தரும் சத்தத்தை அது 20 வாட்டிலேயே தந்துவிடும். எனினும் வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஒருசில வாட்டே செலவாகும். வாட்டை விட, ஸ்பீக்கரின் தடை எத்தனை ஓம் வரை இறங்குகிறது என்று கேளுங்கள். 4 ஓமுக்கு நன்றாகக் கீழே போனால் சாதாரண அம்பிளிபயர் சூடேறித் திணறும்.

கடையில் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் ஒலிக்கச் செய்வது அவசியம், ஏனெனில் சற்றுக் கூடுதலாக ஒலிப்பதே நல்லதென்று காது நம்பிவிடும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஒலியியல் ஆய்வாளர் புளொயிட் டூல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்து நடத்திய சோதனைகளில், நேராகவும் பக்கவாட்டிலும் சீராக ஒலித்தவற்றையே பெரும்பாலானோர் விரும்பினர். ஆகவே பாட்டு ஒலிக்கும்போது எழுந்து பக்கமாக நடந்து பாருங்கள். குரலின் நிறம் மாறினால் அந்தச் சோடி, விலை எவ்வளவாயினும், வேண்டாம்.

கடைக்காரர் போடும் மாதிரி இசையை நம்ப வேண்டாம். அது ஸ்பீக்கருக்கு ஏற்றபடி தெரிவுசெய்யப்பட்டது. நல்ல முறையில் பதிவான வடமோடிக் கூத்து ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கூத்தாடும் களரியருகே விடியவிடிய இருந்தவருக்கு மத்தளத்தின் இரு பக்கங்களும் வெவ்வேறாக ஒலிப்பதும், சல்லாரி என்னும் கைத்தாளத்தின் ஒலி சீறாமல் மெல்லக் கரைவதும், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் நெஞ்சிலிருந்து வருவதும் தெரியும். இவற்றைக் கலங்காமல் தருவதே உயர்தர ஸ்பீக்கர்.

கடலோரமென்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வூபரின் விளிம்பு ரப்பராக இருக்கட்டும். ஸ்பொஞ் விளிம்பு நமது ஈரப்பதனில் சில வருடங்களில் உதிர்ந்துவிடும். மிச்சப்படும் பணத்தில் முதலில் தடித்த கம்பளமும் திரைச்சீலையும் வாங்குங்கள், ஏனெனில் வெறும் டைல்ஸ் தரையில் சிறிய சோடியும் காதைக் கூசவைக்கும்.